ஆறு மணிக்கு மலை

பொன்னி நகர், துடியலூர்
27-9-1994, காலை

திரு. ஞானாபரணம் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் எழுதுவது. நேற்று மாலை உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. நீங்கள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் சூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பது நகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே பிளேக் பரவி ஊரே காலியாகிறது என்று நான் வேலை செய்யும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான்கு நாளாக இதே பேச்சு. ஆகவே சிலவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள காம்பவுண்டுச் சுவரில் துவைத்த துணியைப் போட வேண்டாம். தெருக்குழாய்க்கு வர வேண்டாம். காலையில் நானே இரண்டு குடம் பிடித்து உங்கள் கேட்டுக்கு முன்னால் வைக்கிறேன். நான் உள்ளே போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். பிரியத்தினால் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பதில் எழுதுவதானால் சுவர்மேல் கல்லுக்கு அடியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்த பிறகு எடுத்துக்கொள்வேன்.

இது உங்களுக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். 92-ல் நீங்கள் மாடியில் அறை எழுப்பி என் மலையை மறைத்தபோது எழுதிய முதல் கடிதத்துக்கு இன்று வரை பதில் இல்லை.

இப்படிக்கு,
மாசாணியம்மாள்


27-9-94, மாலை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தண்ணீர் வந்து சேர்ந்தது. மிக்க நன்றிங்க.

எனக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. மில்லில் இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்த இடத்தில் பாதி வேலையில் கதவைச் சாத்திவிட்டார்கள். ரயிலில் ஏறுவதே பெரும்பாடு. மூன்று பேர் உட்காரும் இடத்தில் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபடி வந்தோம். கோவை ஸ்டேஷனில் டாக்டர் சோதித்து, டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுத்து, பத்து நாள் யாரோடும் சேராமல் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். இருக்கிறேன். தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. என்னால் யாருக்கும் தொந்தரவு வராது.

முதல் கடிதம் என் கைக்கு வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். இந்த வீட்டைக் கட்டி மூன்று வருடமாகிறது, நான் இதில் தங்கிய நாட்களைக் கூட்டினால் நாற்பது தேறாது.

ஒரு சந்தேகம். எந்த மலைங்க?

தங்கள்,
ஞானாபரணம்


28-9-94

திரு. ஞானாபரணம் அவர்களுக்கு,

எந்த மலையா!

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மொட்டை மாடியில் ஏறி நின்றேன். எதிரே உங்கள் மாடி அறையின் சுவர். வெள்ளையடிக்காத சுவர். அதற்குப் பின்னால் இருப்பது குருடிமலை. நான் இந்த இடத்தை வாங்கும்போது இங்கே ரோடு இல்லை, லைட் இல்லை, மழை பெய்தால் சேறு முழங்காலுக்கு வரும். "இந்தக் காட்டுல போயி ஊடு கட்டறீங்களே"ன்னு எக்ஸ்சேஞ்சில் சிரித்தார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. எங்களில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மண்ணில் நின்று பார்த்தால் ஒரு மலை முழுசாகத் தெரிந்தது. அதற்காகவே வாங்கினேன்.

காலை டூட்டிக்கு முன்னால் டீயோடு மேலே போய் உட்கார்ந்துவிடுவேன். கணவர் இறந்த வருடம் அந்த மலைதான் எனக்குத் துணை. அதை நீங்கள் செங்கல் வைத்து மூடிவிட்டு, எந்த மலை என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்கு ஒரு அபராதம் போடுகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த அறைக்குப் போய் மேற்கு ஜன்னலைத் திறந்து, மலை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது.

மாசாணியம்மாள்


29-9-94

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

அபராதத்தை ஏற்றுக்கொண்டேன்.

ஆறு மணி: மலை இல்லை. முழுக்க மேகம். ஜன்னலைத் தப்பாகத் திறந்துவிட்டேனோ என்று திசையைச் சரிபார்த்தேன்.

ஆறு இருபது: ஒரு தோள் மட்டும் தெரிந்தது. கருநீலம்.

ஆறு முப்பத்தைந்து: உச்சியில் வெயில் விழுந்தது. அந்த மஞ்சள் மெதுவாகக் கீழே இறங்கியது, யாரோ மேலிருந்து புடவையை உதறி விரித்த மாதிரி. நான் இருபத்தாறு வருடமாகப் பல் சக்கரங்களைப் பார்த்து எழுதுகிறவன், எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. ஆனால் டீ ஆறிப்போய்விட்டது என்பதையும் தெரிவிக்கிறேன்.

கம்பெனி என்னை அனுப்பாத ஊர் இல்லை. எல்லா ஊரிலும் மில்லுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறேன். வீட்டு வாசலில் இப்படி ஒன்று நிற்பது தெரியாமல் போய்விட்டது. உங்கள் கோபம் நியாயமானது.

இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே துணிக் கம்பியில் சுரைக்காய் மாதிரி ஒரு பை தொங்குகிறது. காய்ந்த புல்லும் நூலும் சிலந்தி வலையும் சேர்த்துக் கட்டியது. கட்டைவிரல் அளவு ஒரு குருவி அதற்குள் போய், தலையை மட்டும் வெளியே நீட்டி என்னை முறைக்கிறது. இது யாருங்க?

ஞானாபரணம்


30-9-94

ஞானாபரணம் அவர்களுக்கு,

அது தேன்சிட்டு. முறைப்பது பெண். அது அடை காக்கிறது, அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்காதீர்கள். ஜன்னலை மட்டும் சத்தமில்லாமல் திறந்து கொள்ளுங்கள். புருஷன்காரன் கருநீலமாக மின்னுவான், கம்பியில் உட்கார்ந்து கத்துவதைத் தவிர வேறு வேலை செய்ய மாட்டான்.

மலைக் குறிப்பை மூன்று முறை படித்தேன். புடவை உதறியது நன்றாக இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் சூரத்துக்கு டிரங்க் கால் கேட்டு ஓயாமல் மணி அடிக்கிறது. ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறேன், என் வீட்டில் போன் இல்லை. அடுத்த சீட்டில் இருக்கிற அன்புக்கரசியிடம் என் பக்கத்து வீட்டுக்காரர் சூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் அவள் நாற்காலி இரண்டு அடி தள்ளிப் போய்விட்டது. மாலைக்குள் நாலு அடி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அரிசிம்பருப்பு சாதம் வாழையிலையில் கட்டி சுவர்மேல் வைத்திருக்கிறேன். இலை என்பதால் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. நெய் ஊற்றியிருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். நீங்கள் தினமும் ரொட்டியையே தின்பது குப்பையைப் பார்த்தால் தெரிகிறது.

மாசாணியம்மாள்


1-10-94

அம்மாவுக்கு,

இன்று மலைக் குறிப்பு இல்லை. நான் பார்க்கவில்லை.

காலையில் நகர் சங்கச் செயலாளர் ரங்கராஜ் கேட்டுக்கு வெளியே நின்றபடி ஒரு காகிதத்தை உள்ளே வீசிவிட்டுப் போனார். சுகாதாரத் துறைக்கு அனுப்பிய மனுவின் நகல். "கொடிய நோயைப் பரப்பும் மேற்படி நபரை உடனடியாக இந்நகரிலிருந்து அப்புறப்படுத்துமாறு" என்று எழுதியிருக்கிறது. கீழே பத்தொன்பது கையெழுத்து. தேதி 26. நான் வந்த அன்றே.

மனு எழுதியிருக்கிற கை எனக்குத் தெரிந்த கை. நான்கு நாளாகக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்துப் படிக்கிற கை. முதல் கையெழுத்தும் உங்களுடையதுதான்.

நேற்றைய சாதம் மிகவும் ருசியாக இருந்தது. அதனால்தான் இன்று அதிகமாக வலிக்கிறது.

கரூரில் தங்கை இருக்கிறாள். நாளை மறுநாள் காலை ரயிலில் போய்விடுகிறேன். நகரில் யாருக்கும் பயம் வேண்டாம்.

ஞானாபரணம்


2-10-94

ஞானாபரணம் அவர்களுக்கு,

அது என் கைதான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை மாலை ரங்கராஜ் வந்தார். "அம்மணி, உங்களுக்குத்தான் ஆபீசு தமிழ் நல்லா வருமுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார். பயமாக இருந்தது. மலையை மறைத்தவர் என்ற கோபமும் இருந்தது. எழுதினேன். முதல் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலை உங்களுக்குக் குடம் வைத்தபோதே செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் போய் மனுவைத் திரும்பக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று உங்கள் மலையைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கு ஏழு வயதில் அன்னூர்ப் பக்கம் எங்கள் தெருவில் காலரா வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் ஆள் வைத்து வேலிமுள்ளை வெட்டித் தெருவாசலில் போட்டு அடைத்தார்கள். கிணறு முள்ளுக்கு அந்தப் பக்கம். எங்கம்மா குடத்தை வைத்துக்கொண்டு, "சாமி, ஒரு கொடம் ஊத்துங்க சாமி" என்று கத்துவாள். பதினோரு நாள். அந்த முள்ளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைதான் போன திங்கட்கிழமை அந்த மனுவை எழுதியது.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே ரங்கராஜ் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க, என்ற கையெழுத்த அடிச்சுப்போடுங்க."

"அதெப்படிங்க அம்மணி, அனுப்பி அஞ்சு நாளாச்சே. நகரோட நன்மைக்குத்தானுங்க."

"அவருக்குக் காய்ச்ச இல்லீங்க, இருமல் இல்லீங்க. டாக்டரு சொன்னபடி ஊட்டுக்குள்ளயே இருக்காருங்க. இதுக்கு மேல என்னத்தச் செய்யோணும் அவரு?"

"ஊரே பயந்து கெடக்குதுங்க."

"அப்ப ரெண்டு வண்டியாப் புடிங்க. அவரு ஊட்டுச் செவுத்தத் தொட்டுட்டுத்தானுங்க அஞ்சு நாளா நானும் இருக்கறேன். என்னையும் சேத்து ஏத்தி உட்டுருங்க."

உள்ளே இருந்து அவர் மனைவி நஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, "அம்மணி சொல்றது நெசந்தானுங்களே" என்றார். ரங்கராஜ் தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

நான் புதிதாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து உங்களைச் சோதித்து, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று. வீடு வீடாகப் போய் இதுவரை பதினான்கு கையெழுத்து வாங்கிவிட்டேன். இரண்டாவது நஞ்சம்மாளுடையது.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. போகாதீங்க என்று மட்டும் கேட்கிறேன்.

மாசாணியம்மாள்


4-10-94

மாசாணியம்மாளுக்கு,

நேற்றுக் காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று மாடிக்குப் போனேன்.

ஆறு மணி: முந்தின நாள் பெய்த மழையில் மலை கழுவி வைத்தது போல இருந்தது. மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடு வயிற்றில் வெள்ளையாக மூன்று கோடு. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் அசைவது தெரிந்தது. அருவிங்க! மூன்று அருவி! ஒன்று பெரியது, இரண்டு நூல் மாதிரி. நான் அந்த வெறும் அறையில் நின்றுகொண்டு "ஏனுங்க, இங்க பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தேன்சிட்டு பயந்து பறந்துபோய்விட்டது. உடனே திரும்பி வந்தது, கவலைப்படாதீர்கள்.

இதைப் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் கரூர் ரயிலில் ஏற முடியாது என்று தெரிந்தது. கீழே வந்து பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

முள்ளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கப்பாவும் அதே மாதிரி ஒரு முள்ளுக்குப் பின்னால் நின்றவர்தான். அதனால் உங்கள் மேல் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. முள்ளை வெட்டிப் போட்டவர்கள் யாரும் திரும்பி வந்து அதை அள்ளிப் போட்டதாக எங்கப்பா சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் வந்து அள்ளிவிட்டீர்கள்.

இன்று நடந்ததை நீங்கள் டூட்டிக்குப் போயிருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். சுகாதார ஆய்வாளர் வெங்கடபதி வந்தார். கேட்டுக்கு வெளியே பாதி நகர் நின்றது. தெர்மாமீட்டரை வாயில் வைத்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இவருக்கு ஒண்ணுமில்லைங்க. இங்க நிக்கறவங்கள்ல நாலு பேருக்குச் சளி இருக்குது, நீங்கதான் இவருகிட்ட இருந்து தள்ளி நிக்கோணும். பத்து நாள் முடிஞ்சதும் இவரு எங்க வேணாப் போகட்டும்."

ரங்கராஜ் சட்டென்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஞானாபரணம்


5-10-94

ஞானாபரணம் அவர்களுக்கு,

மூன்று அருவி! மலை தெரிந்த எட்டு வருடத்தில் நான் இரண்டுக்கு மேல் பார்த்ததில்லை. பொறாமையாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைக் குழாயடியில் வாசித்துவிட்டேன். நஞ்சம்மாள் "இன்னைக்கி மலை எப்படி இருந்துச்சாமுங்க?" என்று கேட்டார். அருவி வரைக்கும் மட்டும் படித்தேன். முழுதாகப் படி என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். குடம் நிரம்பி வழிகிறது, ஒருத்தியும் குழாயை மூடவில்லை. இந்த நகரில் முப்பத்திரண்டு வீடு இருக்கிறது, ஒருவருக்கும் அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. இப்போது வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று மேற்கே பார்க்கிறார்கள். இன்று மாலை ரங்கராஜே என்னை நிறுத்தி, "நடுவால இருக்கறதுதானுங்களே பெரிய அருவி?" என்று கேட்டார். இடது பக்கத்தது என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார்.

உங்கள் கேட்டில் இருக்கும் பூசணிக்காய் நஞ்சம்மாள் வைத்தது. முருங்கைக்கீரை கடைசி வீட்டு மாரப்பன் வைத்தது. முறுக்கு யார் வைத்தது என்று தெரியவில்லை.

அப்புறம், சுவர்மேல் இருக்கும் கடிதத்தை நான் இப்போது இரண்டு மணி நேரம் காய விடுவதில்லை. நீங்கள் உள்ளே போனதும் எடுத்துவிடுகிறேன்.

மாசாணியம்மாள்


8-10-94

மாசாணியம்மாளுக்கு,

பத்து நாள் முடிந்த பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேற்று உங்களிடம் பேசத்தான் நினைத்தேன். கேட்டைத் திறந்து வெளியே கால் வைத்தால் குழாயடியே திரண்டு நிற்கிறது. மாடியைப் பார்க்க வேண்டும் என்று இருபது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். மாரப்பன் மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, "இங்கிருந்தே தெரியுதுங்க" என்றார். தேன்சிட்டுக் குஞ்சுகள் மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. அத்தனை கூச்சலிலும் நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனியிலிருந்து தந்தி வந்திருக்கிறது. சூரத்தில் நோய் அடங்கிவிட்டது, மில்லைத் திறந்துவிட்டார்கள், 12-ஆம் தேதி கிளம்பி வந்து பாதியில் விட்ட வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதம் ஆகும். இத்தனை வருடமாகத் தந்தி வந்த அன்றே பெட்டியைக் கட்டுகிறவன் நான். இன்று காலையிலிருந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

பீளமேட்டில் கம்பெனியின் பட்டறையிலேயே புது ஆட்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்று போன வருடமே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்து என்ன செய்வது என்றுதான்.

மாடிச் சாவியை இத்துடன் வைக்கிறேன். நான் இல்லாதபோது நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. வரவில்லை.

ஆறு மணி: இன்று மேகம் இல்லை.

ஞானாபரணம்


9-10-94, ஞாயிறு

ஞானாபரணம் அவர்களுக்கு,

பூஜை விடுமுறைக்குச் சேலம் ஹாஸ்டலிலிருந்து என் மகள் எழில் வந்திருக்கிறாள். நேற்று அலமாரியில் எதையோ தேடப்போய் உங்கள் கடிதங்கள் அத்தனையும் அவள் கையில் சிக்கிவிட்டன. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தாள். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். படித்து முடித்து வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, இவரு மலையப் பத்தி எழுதலம்மா."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஒன்பது வருடமாகத் தனியாக இருந்து பழகியவள். நீங்கள் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிறவர், நான் ஆனைமலை மாசாணியம்மனைக் கும்பிடுகிறவள். நகர் என்ன சொல்லும், எக்ஸ்சேஞ்சில் அன்புக்கரசியின் நாற்காலி எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் நேற்று முழுக்க யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேனே தவிர, ஒரு தடவைகூட வேண்டாம் என்று தோன்றவில்லை. இதை எழுதும்போது எழில் பின்னால் நின்று படிக்கிறாள், போ என்றால் போக மாட்டேன் என்கிறாள்.

சாவியைத் திருப்பித் தருகிறேன். ஆளில்லாத வீட்டில் பூட்டைத் திறந்து ஏறி மலை பார்க்கிறவள் நான் இல்லை. ஆள் இருக்கிற வீடு என்றால் வருவேன். சூரத் வேலையை முடித்துவிட்டுப் பீளமேட்டுக்கு எழுதிப் போடுவதா, முன்னாலேயே எழுதிப் போடுவதா என்பது உங்கள் இஷ்டம்.

இந்தக் கடிதத்தைச் சுவரில் வைக்கப் போவதில்லை. நானே எடுத்துக்கொண்டு வாரேன். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். பதில் எழுத வேண்டாம். தாளை மடித்துவிட்டு நிமிர்ந்து பாருங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.

மாசாணி